படிக்காத மாதங்களின் பாக்கி

நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது பைசா. ஒச்சம்மாள் தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குத் தர வேண்டிய பாக்கி இவ்வளவு என்று மானேஜர் சொன்னார். முப்பத்தேழரை ரூபாய்க்கு மேல் ஒரு பைசா தர வேண்டியதில்லை என்று ஒச்சம்மாள் சொன்னாள். நடுவில் நின்ற எழுபத்தைந்து ரூபாய்க்காக ஒரு பிள்ளையின் படிப்பு இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

எர்ணாகுளம் பக்கத்து மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் அடைத்து வைக்கும் பாண்டிகசாலை ஒன்றில் ஒச்சம்மாளுக்கு வேலை. மிளகைப் புடைத்து, கல்லும் காம்பும் நீக்கி, சாக்கில் நிறைக்க வேண்டும். அவள் புருஷன் அழகர் அருகே தோப்பும்படித் துறையில் மீன் படகுகளுக்கு ஐஸ் சுமந்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மகள் வீரலட்சுமி இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்பது அழகரின் ஆசை. ஓசியில் சொல்லிக்கொடுக்கும் அரசாங்கப் பள்ளியை விட்டுவிட்டு, மாதம் பன்னிரண்டரை ரூபாய் வாங்கும் தனியார் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் பாண்டிகசாலைகளில் வேலை நிறுத்தம் வந்தது. பிள்ளை அப்போது நாலாம் வகுப்பு. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மூன்று மாதமும் ஃபீஸ் கட்ட முடியவில்லை. டிசம்பர் முதல் தேதி வீரலட்சுமியைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனால் போகிறது, அடுத்த வருஷம் அரசாங்கப் பள்ளியில் சேர்க்கலாம் என்று மே மாதம் டிசி வாங்கப் போனாள் ஒச்சம்மாள். அப்போதுதான் மானேஜர் அந்தத் தொகையைச் சொன்னார்.

"மூணு மாசத்துக்கு முப்பத்தேழரை. அது சரி. மத்தது என்ன சார்?"

"டிசம்பர் தொட்டு மே வரைக்கும் ஆறு மாசம்."

"டிசம்பர்ல பிள்ளைய வெளிய நிறுத்தினது நீங்கதான சார்?"

"நிறுத்தினோம். பேரு வெட்டல. பேரு ரெஜிஸ்டர்ல உண்டல்லோ."

"அப்ப ஆறு மாசமும் பேருக்கா பாடம் நடத்தினீங்க?"

மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முழுத் தொகையும் கட்டினால் டிசி, இல்லையென்றால் இல்லை என்றார். முப்பத்தேழரையை மட்டும் நீட்டினாள். அவர் தொடவில்லை.

டிசி இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளி சேர்க்கும்? அழகர் அன்று இரவு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னான்: "ஒச்சு, படகு மொதலாளிகிட்ட முன்பணம் கேக்குறேன். கட்டித் தொலைச்சிரலாம்."

"முப்பத்தேழரை என் கடன். அத என்னைக்கு வேணாலும் கட்டுவேன். மத்தது என் கடன் இல்ல. வாங்காத சாமானுக்கு எவனாவது காசு குடுப்பானா?"

"பிள்ள படிப்பு போகுமேடி."

"படிப்பு ஏன் போகுது? அந்த வாசல்தான் போச்சு."

சொல்லிவிட்டாளே தவிர, மறுநாள் காலையில் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்கே தெரியாது. வைக்க இடம் காட்டியவள் பக்கத்து வீட்டு ஹாஜரா. பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, டீக்கடை பஷீருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டில் தமிழ் பேசினாலும் அவள் எழுதப் படிக்கக் கற்றது மலையாளத்தில்தான். மாமியார் இருக்கும்வரை புத்தகத்தைத் தொட்டதில்லை. இப்போது மாமியாரும் இல்லை.

"அக்கா, நீங்க வேலைக்குப் போறப்ப இவள என்கிட்ட விட்டுட்டுப் போங்க. கப்பைக் கிழங்கு நறுக்கிக்கிட்டே சொல்லிக்குடுத்துருவேன். எனக்கும் மறக்காம இருக்கும்."

அப்படித்தான் தொடங்கியது. பழைய புத்தகங்களை எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் பாதி விலைக்கு வாங்கி வந்தான் பஷீர். காலையில் மலையாளமும் கணக்கும். மதியச் சோற்றுக்குப் பிறகு மற்றதெல்லாம். கடல் ஏறிச் சந்துக்குள் தண்ணீர் வரும் நாட்களில் ஹாஜராவும் பிள்ளையும் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். சட்டி பானையெல்லாம் பரண்மேல் ஏறிவிடும், அடுப்பு எரியாது. அன்றைக்குத்தான் பாடம் அதிகம் நடக்கும். பஷீர் முட்டளவுத் தண்ணீரில் கிளாசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவான். "உலகத்துலேயே டீச்சருக்கும் பிள்ளைக்கும் சாயா கொண்டு வர்ற பியூன் நான் ஒருத்தன்தான். சம்பளம் எப்பம்மா?" என்பான்.

"நீ மொதல்ல ஏழாம் வாய்ப்பாடு சொல்லு, சம்பளம் தர்றேன்" என்பாள் ஹாஜரா. கிளாசை வைத்துவிட்டு நழுவிவிடுவான்.

சாயங்காலம் ஒச்சம்மாளும் சேர்ந்து உட்காருவாள். முப்பத்து நான்கு வயதில் முதல் எழுத்து. நாள் முழுக்க முறம் பிடித்த விரல் பென்சிலைப் பிடிக்க மாட்டேன் என்றது. மிளகுத் தூசி கண்ணை எரித்தது. சில நாள் எழுத்தின்மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். ஆனாலும் ஒரு வருஷத்தில் பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டினாள், அடுத்த வருஷத்தில் கூலிச் சீட்டை வாசித்தாள். பாண்டிகசாலையில் மற்ற பெண்கள் கேலி செய்தார்கள். "ஒச்சம்மா ஸ்கூல்ல அட்மிஷன் உண்டோ?" என்று அவள் போகும்போது கேட்பார்கள். "உண்டு, ஃபீஸ்தான் கிடையாது" என்று அவளும் நடந்துகொண்டே சொல்வாள்.

ஒரு விஷயம் மட்டும் சரியாக நடக்கவில்லை. எண்பத்தொன்றில் மிளகு வரத்து மும்முரமாக இருந்த நேரத்தில் ஹாஜரா பிரசவத்துக்காகப் பாலக்காட்டுக்குத் தாய் வீடு போய்விட்டாள். பிள்ளையைத் தனியாக வீட்டில் விட முடியாமல் ஒச்சம்மாள் கூடவே பாண்டிகசாலைக்குக் கூட்டிப்போனாள். முதல் நாள் பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் தராசுப் பக்கத்தில் நின்று எடையை வாசித்துக் கணக்குப்பிள்ளைக்குச் சொன்னாள். அவருக்குக் கண் மங்கல், குழந்தையின் கண் கூர்மை. வாரக் கடைசியில் அவளுக்கும் கூலி வந்தது. ஒச்சம்மாள் அதை வாங்கினாள். இரண்டு மாதம் வாங்கினாள். ஹாஜரா திரும்பி வந்த அன்றே அது நின்றுபோனது.

எண்பத்திரண்டு ஏப்ரலில், திருவனந்தபுரத்தில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெங்கிடராமன் என்ற இளைஞர் சந்துக்குள் வந்தார். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளை வீடு வீடாக எண்ணுகிற வேலை. ஒச்சம்மாள் வீட்டு வாசலில் நின்று கேட்டார்: "கொழந்தை படிக்கறதா, படிக்கலையா?"

"படிக்கிறா."

"எந்த ஸ்கூல்?"

"ஸ்கூலுக்குப் போகல."

"அப்போ படிக்கலைன்னு போடட்டுமா?"

"படிக்கிறான்னு இப்பத்தான சொன்னேன்."

வெங்கிடராமன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் இரண்டு கட்டம்தான் இருந்தது. மூன்றாவது கட்டத்தை யாரும் அச்சடித்துத் தரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்று அவர் வேறு வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையை வாசிக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், ஹாஜராவிடம் பாடம் நடக்கும் நேரம் கேட்டார், பஷீரிடம் சாயா வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது அவர் முகமெல்லாம் வெளிச்சம்.

"கேட்டேளா, இதைத்தான் தேடிண்டிருக்கோம். அடுத்த மாசம் திருவனந்தபுரத்துல பெரிய கூட்டம். பள்ளிக்கூடத்துல உட்கார்ந்தாத்தான் படிப்புன்னு ஒரு கட்சி. வீட்டுல கத்துண்டாலும் படிப்புதான், அதுக்குச் சட்டத்துல எடம் வேணும்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி."

"கூட்டம் நடக்கட்டும் சார். என் பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு வேணும். டிசி கிடையாது. ஒங்க கட்சி அதுக்கு என்ன சொல்லுது?"

அவர் சிரித்தார். வீட்டில் படித்த பிள்ளையைப் பரீட்சை வைத்துச் சேர்க்க வழி உண்டு என்றும், தலைமையாசிரியை சம்மதித்தால் போதும் என்றும் சொன்னார். தானே கூட வருவதாகவும் சொன்னார்.

அரசாங்கப் பள்ளித் தலைமையாசிரியை அம்மிணி டீச்சர். மட்டாஞ்சேரிச் சந்துகளில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. காலையில் குடையை ஊன்றிக்கொண்டு வந்து, சுக்குக் காயும் முற்றங்களில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகளைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு இழுத்துப் போகிறவர். முதலாளிகளுக்கு அவரைக் கண்டால் எரிச்சல். வெங்கிடராமன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் பேசினார். அவர் தமிழில் பாதி மலையாளம்.

"சாரே, நல்ல காரியம். இந்தக் குட்டி படிச்சிருக்கும், எனக்குச் சம்சயம் இல்லை. ஆனா ஒண்ணு கேக்கட்டே? இவளை ஞான் சேர்த்தா, நாளைக்கு அந்த இஞ்சி முற்றத்து முதலாளி வந்து, என் முற்றத்துல இருக்கிற குட்டிகளும் வீட்டுல படிக்குதுன்னு சொல்லும். அப்ப நீங்க திருவனந்தபுரத்துல இருப்பீங்க. ஞான் இங்கே இருப்பேன்."

"அதுக்குத்தான் டீச்சர் பரீட்சை. யார் படிச்சா, யார் படிக்கலைன்னு தெரிஞ்சுடுமே."

"பன்னிரண்டு வயசுல பரீட்சை வச்சுத் தோத்துப்போன குட்டிய என்ன செய்யும்? போன வருஷங்களைத் திருப்பிக் குடுக்குமோ உங்க சட்டம்?"

வெங்கிடராமன் எங்கோ வெளிநாட்டில் நடந்த ஆராய்ச்சியைச் சொன்னார். டீச்சர் பக்கத்துச் சந்தில் போன வாரம் நடந்ததைச் சொன்னார். இருவர் பேச்சும் ஏறிக்கொண்டே போனது. ஒச்சம்மாள் இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றாள். டீச்சர் சொல்வது பொய்யில்லை, அந்த முற்றத்துப் பிள்ளைகளை அவளுக்கே தெரியும். ஆனால் அதற்காகத் தன் பிள்ளை ஏன் வெளியே நிற்க வேண்டும்?

"டீச்சர்" என்றாள். "மத்தவங்க பிள்ளைகளப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம். இவளுக்குப் பரீட்சை வைங்க. தோத்தா எந்த வகுப்புல போடணுமோ அதுல போடுங்க. ரெண்டாப்புன்னாலும் சரி. ஆனா இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள போடுங்க."

டீச்சர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "திங்கக்கிழமை ஒம்பது மணிக்குக் கொண்டு வா" என்றார்.

திங்கட்கிழமை வீரலட்சுமி தலைமையாசிரியை அறையிலேயே உட்கார்ந்து எழுதினாள். ஹாஜரா கைக்குழந்தையோடு வெளியே மரத்தடியில். ஒச்சம்மாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கதவோரத்தில். மலையாளத்தைத் திருத்தும்போது டீச்சர் இரண்டு தடவை தலையாட்டினார். இங்கிலீஷைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கணக்கில் பேனா நின்றது.

கேள்வி இதுதான்: ஒரு சாக்கில் அறுபத்திரண்டு கிலோ மிளகு. பதினைந்து சாக்கில் எத்தனை கிலோ? வீரலட்சுமி தொள்ளாயிரத்துப் பதினைந்து என்று எழுதியிருந்தாள்.

"இது எங்கனெ வந்தது குட்டி?"

"சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கணும் டீச்சர். கழிக்காம எழுதினா சரக்கு எடுக்க வர்றவங்க சண்டை போடுவாங்க."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒச்சம்மே, உள்ளே வா."

ஒச்சம்மாள் போனாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது.

"சாக்கு எடை கழிக்கிறது ஏழாம் வகுப்புப் புத்தகத்துல இல்லை. இந்தக் குட்டி பாண்டிகசாலையில பணிக்குப் போயிருக்கோ?"

பக்கத்தில் நின்ற வெங்கிடராமன் முந்திக்கொண்டார். "அம்மாகூடப் போய்ப் பார்த்திருப்பா டீச்சர். கொழந்தைகள் பார்த்தே கத்துக்கும். அதுவும் ஒரு படிப்புதானே."

ஒச்சம்மாளுக்கு அவர் போட்ட பாலம் தெரிந்தது. மெல்ல ஏறி நடந்துவிடலாம். 'ஆமாம் டீச்சர், பார்த்துத்தான்' என்று ஒரு வார்த்தை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"போயிருக்கா டீச்சர். போன வருஷம் ரெண்டு மாசம். தராசுல எடை வாசிச்சா. கூலியும் குடுத்தாங்க, நான்தான் வாங்கினேன். ஹாஜரா ஊர்ல இல்ல. தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல."

வெளியே ஹாஜராவின் குழந்தை அழுதது.

வெங்கிடராமன் அவளைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார். "இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சரி, போட்டும். நான் எழுதறச்சே அந்த ரெண்டு மாசத்தை விட்டுடறேன். கூட்டத்துல இதைப் பிடிச்சுண்டு நம்ம கட்சியையே கவுத்துடுவா."

"விட வேணாம் சார்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பிள்ள வீட்ல படிச்சா. ரெண்டு மாசம் வேலையும் பார்த்தா. ரெண்டும் நடந்தது. ஒண்ண எழுதி ஒண்ண விட்டா, அது என் பிள்ளை இல்ல சார், வேற யாரோ. நீங்க விட்டத டீச்சர் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னா அப்ப உங்க மொகம் என்னாகும்?"

அவர் உள்ளே போகப் பார்த்தார். திரும்பினால் கதவருகில் டீச்சர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"சாரே, அவ சொன்னதை அப்படியே, அங்ஙனே தன்னே எழுதுங்க" என்றார். "அப்ப உங்க பேப்பரை ஞானும் வாசிப்பேன். வீட்டுல படிக்கலாம்னு நீங்க சொல்லுங்க. வீட்டுல ஆள் இல்லாத அன்னைக்குக் குட்டி எங்கே போகும்னும் சொல்லுங்க. அதைச் சொல்லாத சட்டம் எனக்கு வேண்டாம்."

வெங்கிடராமன் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். "எழுதறேன்" என்றார். குரலில் காலையில் இருந்த பளபளப்பு இல்லை. ஆனால் ஒச்சம்மாளுக்கு அந்தக் குரல்தான் நம்பும்படியாக இருந்தது.

டீச்சர் உள்ளே போய்ப் பிள்ளையின் முன் காகிதத்தைத் திருப்பி வைத்தார். "சாக்கு எடை கேட்டிருக்கோ இதுல?"

"இல்ல டீச்சர்."

"அறுபத்திரண்டு கிலோ சாக்கா, மிளகா?"

வீரலட்சுமி மறுபடி வாசித்தாள். "மிளகு."

"அப்ப முதல்ல கேள்விய முழுசா வாசிக்கணும். பாண்டிகசாலை மறந்து எழுது."

வீரலட்சுமி அழித்துவிட்டுத் தொள்ளாயிரத்து முப்பது என்று எழுதினாள். டீச்சர் சரி போட்டார். பிறகு ஒச்சம்மாளைப் பார்த்தார்.

"ஏழாம் வகுப்பு. இங்கிலீஷ் மோசம், தினம் மூணரைக்கு மேல அரை மணிக்கூர் என்கிட்ட இருக்கணும். பின்னே ஒண்ணு. இனி இவளை அந்தத் தராசுப் பக்கத்துல ஒரு நாள் கண்டா, பேரை வெட்டும்."

"வெட்டிக்கோங்க டீச்சர். வெட்டின பின்னாடி மட்டும் ஃபீஸ் கேட்டுராதீங்க."

"இங்கே ஃபீஸே இல்லல்லோ" என்றார் டீச்சர். அவருக்கு விஷயம் தெரியாது. ஒச்சம்மாள் மானேஜர் கதையைச் சொன்னாள். டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மரத்தடியிலிருந்து ஹாஜரா என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒச்சம்மாள் முப்பத்தேழரை ரூபாயைத் தனியாக முடிந்தாள். அழகர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதான் டிசி இல்லாமலே சேத்தாச்சே. இனி எதுக்கு அந்தாளுக்குக் கட்டணும்? வந்து கேக்கவா போறான்?"

"மூணு மாசம் அங்க உக்காந்து படிச்சால்ல?"

"அன்னைக்கு வாங்க மாட்டேன்னானே."

"அன்னைக்கு அவர் கையில டிசி இருந்துச்சு. இன்னைக்கு என்ன இருக்கு?"

தனியார் பள்ளியின் அலுவலகத்தில் அதே மானேஜர் அதே மேசையில் இருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. ஒச்சம்மாள் பணத்தை மேசைமேல் வைத்தாள்.

"செப்டம்பர், அக்டோபர், நவம்பர்."

மானேஜருக்கு அவளை ஞாபகம் இருந்தது. "நூற்றுப் பன்னிரண்டரை அல்லே?"

"பிள்ளை அரசாங்கப் பள்ளியில ஏழாப்புல சேந்துட்டா சார்."

"டிசி இல்லாதெயா?"

"பரீட்சை வச்சு எடுத்துக்கிட்டாங்க. இந்தப் பணத்த நான் கொண்டு வர வேண்டிய கட்டாயம் இல்ல. ஆனா உங்க வாத்தியார் மூணு மாசம் பாடம் நடத்தினார். அதுக்கு வந்திருக்கேன். அப்புறம் ரெண்டு வருஷம் என் பிள்ளைக்குப் பாடம் சொன்னது பக்கத்து வீட்டு ஹாஜரா. அவளே என்கிட்ட காசு கேக்கல."

மானேஜர் மின்விசிறியைப் பார்த்தார், ரூபாயைப் பார்த்தார். முழுத் தொகை என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, பணத்தை இழுத்து எண்ணினார். "டிசி எழுதட்டே?" என்று கேட்டார்.

"அது இனி வேண்டாம் சார். ரசீது போதும். பாக்கி ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுங்க."

அவர் எழுதினார். அவள் ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். நேரம் எடுத்தது. மானேஜர் காத்திருந்தார். "முப்பத்தேழு ரூபாய்னு இருக்கு சார். ஐம்பது பைசா விட்டுப்போச்சு" என்றாள். வாங்கிச் சேர்த்துக் கொடுத்தார். பிறகு பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்து, வீரலட்சுமியின் பெயருக்கு நேரே நின்ற எழுபத்தைந்து ரூபாயின்மேல் கோடு போட்டு அடித்தார்.